பன்னிரண்டாம் வரிசை

மிளகாய்க்கு வந்தது குருமன்.
அதற்குப் பழிபோட ஆள் இருந்தது: வெள்ளை ஈ.
மேற்கு வேலிக் கிளுவையை உலுப்பினால்
தவிட்டுத்தூள் மாதிரி எழும்பும்,
திரும்ப அதே இலையில் குந்தும்.
மருந்துத் தாங்கியை முதுகில் கொழுவிக்கொண்டு
ஏசி ஏசி அடித்தார் இவர்.
ஈ செத்தது.
இலை நிமிரவில்லை.

தக்காளிக்கு வந்தது வேறு.
பச்சைக்குள்ளே வெளிறின பச்சை,
தோய்த்துத் தோய்த்துச் சாயம் போன சீத்தைத் துணிபோல.
நுனி இலை ஒடுங்கி நூலாய்ப் போனது.
காயை வெட்டினால் உள்ளே பழுப்பு.

கண்ணூறு என்றார்.
போன கிழமை தறைக்குள் வந்து
"இந்தமுறை அள்ளுவியள்" என்று சொன்ன
சங்கக்கடை மனேச்சரின் கண்ணாம்.
பழஞ்சட்டிக்குச் சுண்ணாம்புப் புள்ளி குத்தி
நடுவில் கவிழ்த்தார்.
சட்டிக்குப் பக்கத்துக் கண்டும் நெளிந்தது.

செவ்வாய்க்கிழமை போதனாசிரியை வந்தா.
புன்னாலைக்கட்டுவன் ஒழுங்கையில் ஸ்கூட்டரை விட்டு,
கிணற்றடியிலிருந்து நடந்தா,
ஒன்றையும் தொடாமல்
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.
பதினொரு வரிசை எண்ணினா. பதினொன்றும் நோய்.
பன்னிரண்டாவது
ஒன்றுமறியாத பிள்ளைபோல நின்றது.

"இதுக்கு மட்டும் என்ன செய்தனீங்கள்?"

ஒன்றும் செய்யவில்லை.
பக்கக் கிளை கிள்ளிக்கொண்டு வந்த அன்று
அந்த வரிசைக்கு முன்னமே இருட்டிவிட்டது.
மகளுக்குக் காய்ச்சல்.
அடுத்த நாள் மறந்துபோனேன்.

"பகலிலை வேலை எங்கை?"

பொன்னுத்துரையரின் கொட்டிலில்.
புகையிலைப் பாடம்.
நரம்பு கிழித்து, கோடா பூசி, கட்டி அடுக்கிறது.

என் விரலைப் பார்த்தா.
தேசிக்காய் தேய்த்தும் போகாத கபிலம்.
"அதுக்குள்ளை இருக்கு," என்றா.
"காய்ஞ்ச இலையிலும் வருசக்கணக்காய்க் கிடக்கும்.
உயிர் எண்டும் சொல்லேலாது, சவம் எண்டும் சொல்லேலாது.
நகம் பட்ட ஒரு கீறல் காணும் அதுக்கு."

இவர் வாயில் இருந்த சுருட்டை எடுத்தார்.
எங்கே வைப்பதென்று தெரியாமல்
கையிலேயே வைத்திருந்தார், அணையுமட்டும்.

கைராசிக்காரி என்பார்கள் என்னை.
நான் ஊன்றினால் வேலிக்கதியாலும் முதல் துளிர்க்கும் என்பார்கள்.
ஒரு கண்டு விடாமல் குனிந்தேன்,
தொட்ட கையோடு அடுத்ததைத் தொட்டேன்.
கிணற்றடியில் என் விரலில் ஏறி
நிறுத்தம் நிறுத்தமாய் இறங்கியிருக்கிறது அது.
ஈக்கென்றால் மருந்து இருந்தது.

சவுக்காரம் போடுங்கோ,
பிறகு பாலில் கை நனையுங்கோ என்றா.
பால்மா விலை அவவுக்கும் தெரியும்.
சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தா.
மகளின் தேத்தண்ணிக்கு எடுத்து வைத்ததில்
ஒரு கரண்டி கரைத்தேன்.

பிடுங்கிக் குவித்தோம்.
பச்சைக் கண்டு எரியுமா,
இரண்டு நாள் புகைந்தது.
மூன்றாம் நாளும் கொட்டிலுக்குப் போனேன்.
நாட்கூலியை விடேலாது.

பன்னிரண்டாம் வரிசை
கிளை கிள்ளாமல் காடாய்ப் பத்தியது.
காய் சின்னன். ஆனால் சிவந்தது.
மகள்தான் உள்ளே இறங்கினாள்.
அதுவல்ல, அங்காலை, இலைக்குக் கீழே என்று
வரம்பில் நின்று காட்டிக்கொடுத்தேன்,
நாடியாலே,
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.