முதல் தரம்

வில்காரிக்கு ஓர் அம்புக்கு ஆயிரத்து எண்ணூறு.
வாள்காரனுக்கு எழுநூறுதான், ஆனால் ஓயாது.
மஞ்சக்குப்பத்து மாடியறையில், இரவு ஒன்றரைக்கு,
நவ்ஃபல் தரவரிசை எழுதுகிறான்,
புரோட்டாக் கடை பில்லின் பின்பக்கம்.

நாண் இழுக்க அவளுக்கு மூன்று நொடி வேண்டும்.
அந்த மூன்று நொடி
யாருடைய உடம்பிலிருந்து வருகிறதென்று எழுத
அதில் கட்டமில்லை.
நேற்று நான்தான் கேடயம்.
ஒன்பது முறை செத்தேன். ஜெயித்தோம்.
திரையில் என் கணக்கு:
சேதம், இருநூற்றுப் பன்னிரண்டு.
"நீ என்னடா செஞ்சே?"

சிப்காட் பக்கக் காற்று திரும்புகிறது.
ஜன்னலைச் சாத்துகிறேன்.
வில்காரி முதல் தரம், சரி, எழுதிக்கோ.
அடுத்த ஆட்டம்
நானும் வில்காரி.
ஐந்து பேரும் வில்காரி.

நாற்பது நொடி.

நவ்ஃபல் பில்லைத் திருப்பிப் பார்க்கிறான்:
புரோட்டா நாலு, ஆம்லெட் ஒன்று.
சால்னாவுக்கு விலை போடவில்லை.