உதிரி

சியோலில் மாலை ஆறு என்றால்
பாடாங் செராயில் ஐந்து.
ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கையில்
எடைமேடைக் கூண்டுக்குள் புகுந்துவிட்டேன்,
பூட்ஸோடு, கொக்கியோடு.
ஹஸ்லினா கதவைச் சாத்தினாள்.
ஒரு கைப்பேசி, ஆளுக்கொரு காது.

'குரும்' என்றால் கொரிய மொழியில் மேகமாம்.
ஐந்து பெண்கள். புதுப் பாட்டு 'சுகர் சைரன்'.
பதினான்கு மாதம் காத்திருந்தோம்.
அதற்குள் ஹஸ்லினாவுக்கு நிச்சயமாகி
நின்றும் போனது.

எனக்கு வேலை குலை பார்ப்பது.
லோரி கொட்டிய செம்பனைக் குலைகளைக்
கொக்கியால் புரட்டிக்
காய், செங்காய், பழம், அழுகல் என்று
சொல்ல வேண்டும்.
நான் சொல்லும் எண்ணுக்குத்தான் காசு.
அதனால் எதையும் மேலாகப் பார்க்க வராது.
கல்யாண வீட்டில் சாம்பாரைக்கூட
அடியிலிருந்து கிண்டித்தான் ஊற்றிக்கொள்வேன்.
ஹஸ்லினா அப்படியில்லை.
அவளுக்கு லோரி என்றால் வெறும் எடைதான்.
பாட்டு தொடங்குமுன்பே நூறு போட்டுவிட்டாள்.

முதலில் காம்பு.
முன்னிசை இருபத்திரண்டு நொடி.
நீளம். வெட்டியிருக்கலாம்.

பிறகு நிறம்.
அதில் குறை சொன்னால் வாய் அழுகும்.
மஞ்சள் ரயில்பெட்டி, பச்சைக் குளியல்தொட்டி,
தலைவி சோயுனின் முடி
சரியாகப் பழுத்த செம்மஞ்சள்.
அது திரும்பிய திருப்பலுக்கு
ஹஸ்லினா என் தொடையைக் கிள்ளினாள்.

கோரஸில் சைரன் ஒலிக்கிறது,
மிட்டாய் மாதிரி.
இசையமைத்தவர் மில்லுச் சங்கைக் கேட்டதில்லை.
எங்கள் சங்கு ஊதினால்
சோறு பிசைந்த கை அப்படியே நிற்கும்.
இவர்கள் சைரனுக்குத்
தோளைக் குலுக்குகிறார்கள், மூன்று தரம்.
நானும் குலுக்கினேன். அது வேறு.

இரண்டாம் சரணம் காய்.
அடியில் கறுப்புக் குலையை அடுக்கி
மேலே பழத்தைப் பரப்பிவரும் லோரிகளை
எத்தனை பார்த்திருப்பேன்.
டீசரில் காட்டிய பதினைந்து நொடிதான்
மேல்வரிசை.

அப்புறம் ஒரு தோட்டம் வந்தது.
வரிசை வரிசையாக மரம், ஊதாப் புகை.
ஐவரும் வெள்ளைச் சப்பாத்து மாட்டி ஆடினார்கள்.
"கெலாப்பா சாவிட்!" என்று கத்தினாள் ஹஸ்லினா,
சொந்தக்காரர் டிவியில் வந்ததுபோல.
நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தோம்.
செம்பனையில் தேங்காய் தொங்கியது.
தரையில் ஒரு முள் இல்லை, மட்டை இல்லை,
பாம்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.
இவ்வளவு துப்புரவான தோட்டத்தில்
யாருக்கும் வேலை இருக்காது.

நாரே கடைசிப் பெண். பதினேழு வயது.
எப்போதும் ஓரத்தில் நிறுத்துவார்கள்.
மூன்று நிமிடம் எட்டு நொடிப் பாட்டில்
அவளுக்கு ஏழு நொடி.
தாளம் நிற்கிறது.
பாடுமுன்
அவள் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்கிறது.
யாரோ வெட்ட மறந்த மூச்சு,
இல்லையென்றால்
வெட்ட மனம் வராமல் விட்டது.

குலை பழுத்ததா என்று
நிறத்தை நம்பிச் சொல்லக் கூடாது.
பத்துப் பழமாவது
கை படாமல் தானாய் உதிர்ந்திருக்க வேண்டும்.

அந்த ஏழு நொடியை
மூன்று முறை ஓட்டினோம். நான்காம் முறை
வெளியே ஹார்ன்.
தெய்வீகன் அண்ணன்,
மழைக்கு முன் கொட்டிவிடும் அவசரம்.

ரேம்பில் ஏறிப் புரட்டத் தொடங்கும்போது
வாக்கிடாக்கியில் ஹஸ்லினா,
"பெராப்பா?"
"எழுபத்திரண்டு" என்றேன்.
"நாரே இல்லன்னா அறுபது."
"ஐயோ தங்கச்சி, என் லோடுக்கா?"
பதறிப்போய் மேலே ஏறிவந்தார் தெய்வீகன்.
"இல்லண்ணே. அது வேற தோட்டம்."

அவர் லோடைப் பிறகு பார்த்தேன்.
அடியில் காய்.