அகரவரிசை

வுப்பர்டாலில் ஞாயிறென்றால் மழை.
கட்டம் போட்ட கொப்பிகள் ஐந்தையும்
சமையலறை மேசையில் பரப்பினேன்.
பதினான்கு வருடம்.
பட்டுத் தெளிந்ததையெல்லாம்
அன்றன்றே எழுதி வைத்தவள் நான்.
எழுதியது எங்கே கிடக்கிறதென்று
ஒருநாளும் தெரியாதவளும் நான்தான்.

மொழி வகுப்பில் தொடங்கியது இது.
நாளுக்கு ஒரு வசனம் எழுதுங்கள் என்றார்கள்.
வகுப்பு ஆறு மாதத்தில் முடிந்தது.
வசனம் முடியவில்லை,
ஜெர்மன் மட்டும் மெல்லக் கழன்று
தமிழாகிவிட்டது.

'ஏட்டுச் சுரைக்காய்' என்றார் வசீகரன்,
தேநீரை என் முன்னால் வைத்துவிட்டு
பந்தாட்டம் பார்க்கப் போகையில்.

முதலில் பக்க எண்,
ஒன்றிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு வரை.
பிறகு அகரவரிசை.
அ: அயலவர், அவசரம், அடுப்பு.
அடுப்பு ஏன்? பக்கம் 12 சொன்னது:
கோபத்தில் எண்ணெய் காயவைக்காதே.
இடது மணிக்கட்டில் அதன் பிரதி
இன்னும் இருக்கிறது.

இ: 'இல்லை.'
சொல்லிப் பழகு. காரணம் சொல்லாமல் சொல்லிப் பழகு.
அடுத்த பக்கத்திலேயே
யாருக்கோ மாறி வேலை செய்த நத்தார் இரவு.

ச வரும்போது சிரித்துவிட்டேன்.
ஆஸ்பத்திரி விரிப்புகளை நாங்கள் வெளுக்கும் இடத்தில்
எண்ணிக்கைச் சீட்டின் பின்புறம் எழுதியது:
'சட்டைப்பை பார்க்காமல் துணி போடாதே.'
அந்தச் சீட்டு என் சட்டைப்பையிலேயே இருந்து
தொண்ணூறு பாகையில் வெந்து
வெள்ளைப் பஞ்சாய் வெளியே வந்தது.
பஞ்சை ஒட்டி வைத்திருக்கிறேன். பக்கம் 140.

க-வுக்குத் திரும்பிப் போகவேண்டியிருந்தது,
இடம் போதவில்லை.
கோபம்: 12, 19, 57, 58, 103, 171...
இரவில் பதில் அனுப்பாதே.
இரவில் எழுதிய பதிலைக் காலையில் படி.
விடியட்டும், சுபோதினி எங்கும் ஓடிவிடமாட்டாள்.
(ஓடித்தான் விட்டாள், என் தங்கை,
மூன்று வருடம் பேசவில்லை.)
ஒவ்வொன்றும் அன்றைக்குத்தான் பிறந்ததுபோல,
ஒவ்வொன்றின் கீழும் இரட்டைக் கோடு.
ஒரே கல்லில் பதினொரு தரம் இடறி
பதினொரு தரமும் கல்லுக்குப்
புதுப்பெயர் வைத்திருக்கிறேன்.

ந: நம்பிக்கை.
'வேலையிடத்தில் ஒருத்தரையும் நம்பாதே.'
2013, கார்த்திகை.
அதற்கடுத்த கிழமை
எழுநூறு தலையணை உறை பிழையான வண்டியில் போனது.
என் பிழை.
மேற்பார்வையாளரிடம் போய்
'நான்தான்' என்றாள் போஷெனா.
அது ஒரு பக்கத்திலும் இல்லை.
தேடினேன், வரி வரியாக.
வலித்தால் மட்டும் பேனை எடுப்பேன் போலும்.
ப-வில் அவள் பெயரை எழுதி
எதிரே பக்க எண் இல்லாமல் விட்டேன்.

ம-வில் ஒன்று விளங்கவேயில்லை.
'மூன்றாவது கதவு. மறவாதே!!'
பக்கம் 2.
எந்தக் கதவு? யாருடைய வீடு?
போ என்றதா, போகாதே என்றதா?
இவ்வளவு அவசரமாய் எனக்கு எதைச் சொன்னாள்
அந்த முப்பத்தொரு வயதுக்காரி?
வசீகரனைக் கேட்டேன்.
'கொலைக் கதையோ?' என்றார்,
திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.
கேள்விக்குறி போட்டு மூடிவைத்தேன்.

திங்கள். காலை ஐந்து பத்து.
ஓபர்பார்மனில் தொங்குரயில் ஏறினேன்.
கீழே ஆறு,
விளக்கு வெளிச்சங்களைக் கசக்கிப் பிழிந்துகொண்டு.
நின்றபடியே தூங்குவேன் நான்,
வாலிருக்கும் பட்டியைப் பிடித்தபடி, எப்போதும்.
சோன்போர்ன்.
கண் திறக்கு முன்னே கதவு திறந்தது.
ஒரே எட்டு. நேர் எதிரே படிக்கட்டு.
மற்றக் கதவுக்காரர்கள்
குடையோடு குடை முட்டி நெரிபட
முதல் ஆளாய் இறங்கிக்கொண்டிருந்தன
என் கால்கள்.

பாதிப் படியில் நின்றேன்.
பின்னால் வந்தவர் ஏதோ முணுமுணுத்தார்.
திரும்பிப் பார்த்து
முன்னாலிருந்து எண்ணினேன்:
ஒன்று.
இரண்டு.