ஒற்றைக்கொம்பு

க்தின்யா துறைமுகம். பிப்ரவரி.
தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில்
கண்ணாடிக் கூண்டு, ஒரு நாற்காலி, இரண்டு நெம்புகோல்.
மாத்திரை மறக்காமலிருக்க
ஃபிளாஸ்கில் ஒட்டிய மஞ்சள் சீட்டு.

கீழே வாக்கிடாக்கியில் ஜெனோன்.
பதினேழு வருடமாக ஒவ்வொரு பெட்டிக்கும் கேட்பான்:
"என்ன ஆச்சு?"
மேலிருந்து ஒரு சொல் இறங்கும்.
பொட்னியோஸ்வெம்.
தூக்கினேன்.

நம் தமிழில் தூக்கினேன் என்று சொல்ல
யாரும் எதையும் காட்ட வேண்டியதில்லை.
'ஏன்' என்று முடியும், ஏனென்று கேட்காது.
போலிஷ் கேட்கும்.
நடந்து முடிந்த எதைச் சொன்னாலும்
ஆணா பெண்ணா என்று
வினையின் வால் காட்டிக்கொடுத்துவிடும்.
சாப்பிட்டதை, தூங்கியதை,
பயந்ததைக்கூட.

அலுவலகத்தில் போன மாதமே கடிதம் கொடுத்தாயிற்று.
திருமதி ஷ்செபானியாக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி மாட்டிக்கொண்டு
"உடை மாற்றும் அறைதான் யோசனையா இருக்கு" என்றார்.
சாவி இன்னும் வரவில்லை.

செவ்வாய், காலை ஆறு இருபது.
பனி ஒட்டிய நீலப் பெட்டி, பத்தொன்பது டன்.
"என்ன ஆச்சு?"
பொத்தானில் கட்டைவிரல் நடுங்கியது.
சுமை நடுங்கவில்லை.
பொட்னியோஸ்வம்.

வெ என்ற எழுத்தின் கொம்பு மட்டும்
உதிர்ந்தது, அவ்வளவுதான்.
நாற்பது மீட்டர் விழுந்தும் சத்தமில்லை.

அதே அலைவரிசையில் பதினொரு பேர்.
யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினான்.
"திரும்பச் சொல்" என்றான் ஜெனோன்.
சொன்னாள்.

அதன்பின் இரண்டு வாரம்
அங்கே யாரும் இறந்தகாலத்தில் பேசவில்லை.
தூக்கு. இறக்கு. இடப்பக்கம். நில்.
நாளைக்குக் காற்று கூடும்.
ஏவலுக்கும் நிகழ்காலத்துக்கும் பால் கிடையாது;
பெரிய பெரிய ஆட்கள்
இலக்கணத்துக்குள் பதுங்கிக்கொண்டார்கள்.
கான்டீனில் ராடெக் மட்டும்
உப்பைத் தள்ளிவைத்தான், பெயர் சொல்லாமல்.
பெயர் போக்னா.
மஞ்சள் சீட்டின் பின்பக்கம் முழுக்க
கையெழுத்துப் போட்டுப் பழகியிருந்தாள்.

மார்ச்சில் மூடுபனி. ஒரு பெட்டி
சாண் அளவு விலகி உட்கார்ந்தது.
வாக்கிடாக்கி வெடித்தது. ஜெனோனின்
வழக்கமான கெட்ட வார்த்தைகள், அதே வரிசையில்,
கடைசியில்
"கோணலா வெச்சுட்ட!"
தமிழில் இது வெறும் திட்டு.
அவன் வாயில் அது போஸ்தவிவஷ்.
கொம்பில்லாத வ.

நெம்புகோலை விட்டுவிட்டு
கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்.
கீழே எதுவும் தெரியவில்லை, மஞ்சள் தொப்பிகூட.
"சரி பண்றேன்" என்றாள் பிறகு,
"கத்தாதே."