முந்நூறுக்கு மேல் ஓட முடியாது

கோத்தகிரியில் ஆறாவது நாளாக மழை.
தொழிற்சாலைத் தராசுக்குத் தார்ப்பாய் போட்டு
எட்டு மணிக்கு வீடு வந்து
தவணையில் வாங்கிய கம்ப்யூட்டரைத் திறந்தால்
அந்த ராஜ்ஜியத்திலும் மழை.
அதில் மட்டும் சளி பிடிக்காது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
கண்ணில் படுகிற எந்த மலைக்கும் போகலாம்.
தொங்கவிட்ட படமல்ல, நடந்தால் பக்கத்தில் வரும்.
இங்கே என் ஜன்னலுக்கு நேரே ஒரு சோலை,
முப்பத்தொரு வருஷமாகத் தெரிகிறது,
நான் போனதில்லை.
வனத்துறைப் பலகை ஒன்று, எஸ்டேட் கேட் ஒன்று,
கேட்டுக்குப் பின்னால் பார்க்காத ஒரு நாயின் குரல்.
அங்கே கேட் இல்லை.
செங்குத்துப் பாறையில் குதிரையைத் திருப்பினால்
பல்லியாக ஏறிவிடும்.
(இதைக் குறையில் சேர்ப்பதா, நிறையிலா,
இன்னும் முடிவு செய்யவில்லை.)

உறைந்த ஏரிக்கு மேல்
பச்சை வெளிச்சம் நெளிந்த ஓர் இரவு
வாளை இறக்கிவிட்டு நின்றேன்.
ஓநாய் கடித்தது.
கடிக்கட்டும் என்று நின்றேன்.

இனி குறை.
நான் பச்சை இலை எடை போடுகிறவள், பதினொரு வருஷம்.
எடை விஷயத்தில் என்னிடம் விளையாடக் கூடாது.
சுமக்கும் அளவு முந்நூறாம்.
கோடரி பதினெட்டு, கேடயம் பதின்மூன்று,
டிராகனின் விலா எலும்பு இருபது.
நாற்பதாயிரம் தங்கக் காசு: பூஜ்யம்.
பூஜ்யம்!
இதை எழுதியவன் ஒரு நாளும்
சில்லறை மூட்டையோடு பேங்க் படி ஏறியதில்லை.
இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதரையோடு
சிகரம் வரை ஓடலாம்,
அங்கே ஒரே ஒரு கேரட்டைப் பிடுங்கினால்
கால் மண்ணில் ஒட்டிக்கொள்ளும்.

மூன்று நாளில் உலகம் முடியும் என்று
அரசன் அழுது எட்டு மாதமாகிறது.
நான் மூலிகை பறித்துக்கொண்டிருக்கிறேன்.
அழிவு, செருப்பைக் கழற்றிவிட்டு
வாசலில் காத்திருக்கிறது.
குஞ்சப்பனையில் மண் சரிந்த அன்று
தயாரா என்று யாரும் கேட்கவில்லை.
ஆம்புலன்ஸ் இரண்டு மணி நேரம் நின்றது.
உள்ளே யார் என்று சொல்லப் போவதில்லை.

கூட வரும் இரும்புச் சட்டைக்காரி
குறுகலான கதவு எதுவென்று பார்த்து
அதிலேயே நின்றுவிடுவாள்.
அதையாவது மன்னிக்கலாம்.
கோட்டை வாசல் காவலனை முடியாது.
அந்த ஊரை எரித்தேன், பிறகு காப்பாற்றினேன்,
கிரீடத்தோடும் வந்தேன், வெறுங்காலோடும் வந்தேன்.
எப்போதும், "நேத்து பனி அதிகம்."
வேறு வாயே வைக்கவில்லையா இவனுக்கு
என்று திட்டிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் ஜக்கனாரை போஜன்
ஐந்து மூட்டை இறக்கினார்.
"ஈரம் இருக்கு, மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிவு" என்றேன்.
"ஜெசிந்தா, உனக்கு வேற வசனமே கிடையாதா?
காய்ஞ்ச ஏப்ரல்லயும் இதையேதானே சொன்ன."
வரிசை சிரித்தது.

கண்ணுக்கு முன்னால் நாலு பதில்கள்
கட்டம் கட்டி நிற்கும் என்று பார்த்தேன்.
நிற்கவில்லை.
இலைக்குள் கையை விட்டேன்.
முழங்கை வரை நனைந்தது.
"முதுகுவலி எப்படி இருக்கு?"
என்றுதான் வந்தது.
அவர் சொல்ல ஆரம்பித்தார்,
எல் நாலு, எல் ஐந்து, ஊட்டி டாக்டர்,
பின்னால் பிக்கப் வேன் ஹாரன் அடித்தது.
இரண்டிரண்டு கிலோ கழித்தேன்.
ஈரம் நிஜம்.

அன்று ராத்திரி காவலன் முன்னால்
குதிரையை விட்டு இறங்கி நின்றேன்.
"நேத்து பனி அதிகம்."
ஆமாம் என்று சொல்ல
ஒரு பொத்தான் இல்லை.
டிராகன் சுவரில் சிக்கிக்கொள்வதெல்லாம் இருக்கட்டும்,
இந்த ஆட்டத்தின் பெரிய குறை இதுதான்.

மூட்டையைத் திறந்து
ஒரு கேரட்டை அவன் காலடியில் போட்டேன்.
அவன் குனிந்து பார்க்கவில்லை.
எனக்கு ஓட முடிந்தது.