இரண்டரை நொடி

பேச்சிப்பாறை அணைக்குக் கீழே
ரப்பர் மரங்களுக்கு நடுவில் ஓர் அறை.
பாறையில் ஊன்றிய தூணின்மேல்
ஓர் எடை தொங்குகிறது.
நிலம் நகரும்போது
அது மட்டும் நகராதிருக்கப் பார்க்கும்.
அந்த வித்தியாசத்தை எழுதி வைக்கத்தான்
மாதம் பதினெட்டாயிரம் எனக்கு.

ஆடி முழுக்கக் கோடு நெளிந்துகொண்டே இருக்கும்.
முதல் வாரம் பயந்துபோய்
பழைய பதிவேட்டைப் புரட்டினேன்.
ஓரத்தில் யாரோ பென்சிலால்: 'கடல்.'
குளச்சலில் அலை அடித்தால் இங்கே தெரியும்.
ரப்பர் லாரியும் தெரியும்,
காற்றில் மரத்தின் வேர் இழுபடுவதும்.
அத்தனையையும் கழித்த பிறகு மிஞ்சினால்
அது பூமி.

புதன்கிழமை கனகபாய் வந்தார்,
வேளிமலைப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி.
போனில் ஒரு படம்:
சுவர்க் கீறலில் செருகி நிற்கும் ஒரு ரூபாய்.
"எனக்க அடுக்களைச் சொவராக்கும்.
கேட்டா பூகம்பம்னு சொல்லுதான் குவாரிக்காரன்.
பூகம்பத்துக்கிட்டப் போய் நஷ்டஈடு கேக்க முடியுமா?
ஆமான்னோ இல்லன்னோ
ஒரு கடுதாசி தாங்க."

ஞாயிறு இரவைத் திறந்தேன்.
பதினொன்று நாற்பத்திரண்டு.
முன்னால் ஓடி வந்தது நெருக்கி நெருக்கித் தள்ளும் அலை.
இரண்டரை நொடி கழித்து,
குறுக்கே உதறிக்கொண்டு மற்றது, மெலிந்து.
எட்டால் பெருக்கினால் இருபது கிலோமீட்டர்.
இருபது கிலோமீட்டர் என்பது ஒரு வட்டம்;
மார்த்தாண்டம் கிட்டத்தட்ட அதன்மேல்தான் இருக்கிறது,
காட்டுக்குள் ஏதோ ஓடையும்.
நாகர்கோவிலையும் திருவனந்தபுரத்தையும் கேட்டு
இன்னும் இரண்டு வட்டம் போட்டேன்.
மூன்றும் வெட்டிய இடத்தில்
ஒரு பள்ளம், ஒரு கிரஷர்.

ஆனாலும் அது போதாது.
பள்ளத்துக்கு அடியிலும் பாறை உண்டு.

பாறை முறுக்கிக்கொண்டு நிற்கும்,
நூறு வருஷம், ஆயிரம் வருஷம்.
உராய்வு அதைப் பிடித்து வைத்திருக்கும்.
பிடி நழுவினால்
ஒரு பக்கத்து ஊரை முதலில் தள்ளும்,
அடுத்த பக்கத்து ஊரை முதலில் இழுக்கும்.
வெடிக்கு இழுக்கத் தெரியாது.
மூன்று தாளிலும் முதல் துடிப்பைப் பார்த்தேன்.
மேலே.
மேலே.
மேலே.

அளவு ஒன்று புள்ளி எட்டு.
ஒன்று ஏறினால் சக்தி முப்பத்திரண்டு மடங்கு,
இரண்டு ஏறினால் ஆயிரம்.
பெரிய பூகம்பங்களின் பட்டியலில் இது தும்மல்கூட இல்லை.
அடுக்களைச் சுவர் அந்தப் பட்டியலைப் படித்ததில்லை.

மதியம் மேலிடத்திலிருந்து அழைப்பு.
"இயற்கை அதிர்வாகவும் இருக்கலாம்னு
ஒரு வரி சேர்த்துக்கோங்களேன், சஜிதா."
மின்விசிறிச் சத்தத்தில் கேட்கவில்லை என்றேன்.
மின்விசிறி ஓடவில்லை.

'வெடி. இரவு. இருபது கிலோமீட்டர்.'
கையெழுத்து, முத்திரை.

"அப்ப பூமி ஒண்ணும் செய்யல?"
"இல்லை."
"பின்ன இது என்ன, இப்பவும் ஆடுது?"
"குளச்சல்."
கனகபாய் திரையருகே குனிந்து
மகளைக் கட்டிக்கொடுத்த ஊரைக்
கொஞ்ச நேரம் பார்த்தார்.

கடிதத்தைச் சீனி வாங்கிய கவருக்குள் மடித்து வைத்து
மூன்று இருபது பஸ்ஸுக்குப் போனார்.
வளைவில் அது கியர் மாற்றியது
கோட்டில் ஒரு சிறு தடிப்பாக விழுந்தது.
கழிக்க வேண்டிய சத்தம்தான்.
அன்றைய தாளில் அப்படியே கிடக்கிறது.