பதினோராவது கிண்ணம்

அன்தோஃபகாஸ்தாவில் மழை பெய்யாது.
கடலிலிருந்து மூடுபனி ஏறிவந்து
சன்னல் கம்பியில் நாலு சொட்டு விட்டு
பத்து மணிக்குள் போய்விடும்.
அதற்குள் ஒரு கதை வாசித்தாக வேண்டும்.

இங்கே டீச்சரை அத்தை என்பார்கள்.
நோல்வியா அத்தை, படம் தெரியவில்லை.
நோல்வியா அத்தை, ரென்சோ
என் கட்டத்தில் கால் வைக்கிறான்.

கம்பளத்தில் இருபத்திரண்டு கட்டங்கள்,
கட்டத்துக்கு ஒரு பிள்ளை.
ஜூனில், இருபத்து மூன்றாவதாக
விட்லீன் வந்தாள்,
மேட்டுத் தகர வீடுகளிலிருந்து,
அதற்கும் முன்னால் ஹைத்தியிலிருந்து.
கம்பளம் மார்ச்சில் வாங்கியது.
என் இடது முழங்கையை ஒட்டி
சில்லென்ற டைல்ஸில் உட்கார்ந்தாள்.
இப்போதைக்குத்தான் என்று சொன்னேன்,
அவளுக்கு அன்று புரியாத ஸ்பானியத்தில்.

விருந்துப் புத்தகம் அது.
இரண்டு பக்கமும் அடைத்து ஒரே மேசை.
பக்கம் புரளப் புரள
யாராவது கதவைத் தட்டுவார்கள்,
யாராவது நகர்ந்து உட்காருவார்கள்.
முடிவில் நான் கேட்பேன்:
புதிதாக ஒருவர் வந்தால்?
'இடம் கொடுப்போம்!'
இருபத்திரண்டு வாய், ஒரே ராகம்.

கால் மணி கழித்து மணல்தொட்டியில்
அதே வாய்கள்:
'இடமில்லை.'

அந்தப் படத்தில் ஒரு கோளாறு இருந்தது.
கிண்ணங்கள் பதினொன்று, விருந்தாளிகள் பத்து.
பால்த்தசார் எண்ணுவான்.
மைத்தே விரல் வைத்துத் திரும்ப எண்ணுவாள்.
ஓவியருக்குக் கணக்கு வராது என்று
நான்தான் தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்.
புத்தகத்தை விரித்துப் பிடித்திருக்கிறேன்.
முழங்கைப் பக்கமிருந்து ஒரு விரல் நீண்டு
பக்கங்கள் சேரும் தையலுக்குள் நுழைந்தது.
'லி லா' என்றாள்.

லா? லா என்ன?
எங்கள் பேச்சில் லா-வுக்குப் பின்னால்
ஒரு பெயர் வந்தாக வேண்டும்.
பிள்ளைகள் காத்திருந்தார்கள்.
பெயர் வரவில்லை.
விரலும் நகரவில்லை.

ரென்சோதான் முதலில் எழுந்தான்.
தன் கட்டத்தை விட்டு,
அவளருகே மண்டியிட்டு,
கன்னத்தோடு கன்னம் வைத்துச் சாய்ந்து பார்த்தான்.
'காது! அத்தை, உள்ளே ஒரு காது!'

நேரே இருந்து பார்த்தால் தெரியாது.
அந்தச் சாய்விலிருந்து,
நான் அவளை உட்காரவைத்த
அந்தக் குளிர்ந்த இடத்திலிருந்து மட்டும் தெரியும்.
ஒருவர் பின் ஒருவராக, பிறகு முண்டியடித்து
அத்தனை பேரும் அங்கே.
கம்பளம் வெறிச்சென்று கிடந்தது.

புத்தகத்தைத் தரையில் வைத்து
இரு கையாலும் அழுத்தினேன்.
படக்கென்று முதுகு உடைந்து
நூல் பிரிந்து
வெளியே வந்தது ஒரு முயல்,
பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம்.
கதை முழுக்க அது அங்கேதான்
குனிந்து சூப் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

லி லா என்றால் 'இதோ இருக்கிறது' என்று
மாலையில் அழைத்துப்போக வந்த அவள் அப்பா சொன்னார்.
துறைமுக வேலை. சட்டையில் உப்பு.

சேதமான நூல்களின் பதிவேட்டில்
'காரணம்' என்ற இடத்தை
காலியாக விட்டேன்.

மணல்தொட்டி ஒன்றும் மாறிவிடவில்லை.
'இடமில்லை' இன்னும் கேட்கிறது.
நேற்று விட்லீனே சொன்னாள்,
பிசிறில்லாத ஸ்பானியத்தில், மைத்தேயைப் பார்த்து.

ஆனால் அவள் காய்ச்சலில் வராத வெள்ளிக்கிழமை
இரண்டு பேர் முடியைப் பிடித்துக்கொண்டார்கள்
அந்த ஒற்றை டைலுக்காக.

புதுக் கம்பளம் கேட்டு எழுதிய மனு
என் கைப்பையில்
மடித்தது மடித்தபடி இருக்கிறது.